தானியங்கி கிளட்சும் முன்கூட்டிய தீர்மானமும்

தானியங்கி கிளட்ச் உள்ள டிராக்டரில் பிரேக்கை மிதித்தால் கிளட்ச் தானே விலகும். காலை எடுத்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். எண்ணெயில் ஓடும் கிளட்ச் தட்டுகளை எப்போது சேர்ப்பது, எப்போது பிரிப்பது என்பதை மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி வால்வுகளின் வழியே பார்த்துக்கொள்கிறது. பிரேக் எவ்வளவு அழுந்தினால் கிளட்ச் விலக வேண்டும் என்பதைச் சில டிராக்டர்களில் ஓட்டுநரே அமைத்துக்கொள்ளலாம். தேவையில்லாதபோது அந்த வசதியை நிறுத்தியும் வைக்கலாம்.

வேலைக்கு ஏற்ப இந்த அமைப்பு மாற வேண்டும். முன்பக்க லோடரால் மண் அள்ளிக் கொட்டும்போது வண்டி அடிக்கடி நின்று முன்னும் பின்னும் போகும். அங்கே லேசாக மிதித்ததுமே கிளட்ச் விலகுவது நல்லது. பாரம் ஏற்றிய டிரெய்லரோடு சரிவில் இறங்கும்போது அதே அமைப்பு ஆபத்தாகிவிடும். கிளட்ச் விலகினால், சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும் இன்ஜினின் தடை அறுந்து, சுமை முழுவதும் பிரேக்கின் மேல் விழும். அங்கே தானியங்கி விலகலை நிறுத்திவைப்பதே பாதுகாப்பு.

ஆக, ஓட்டுநரின் கால் அந்தந்த நொடியில் செய்த முடிவு, முன்கூட்டியே எழுதிவைத்த விதியாக மாறியிருக்கிறது. விதி எந்த அளவுக்குத் தீர்மானத்தின் இடத்தை நிரப்பும் என்பது தத்துவத்தில் பழைய கேள்வி. சட்டம் பொதுவாகப் பேசுகிறது, நிகழ்வுகளோ தனித்தனியாக வருகின்றன என்று அரிஸ்டாட்டில் நிக்கோமாகியன் அறவியலின் 5ஆம் நூலில் விளக்குகிறார். சட்டம் பொருந்தாமல் போவது சட்டத்தின் குற்றமும் அல்ல, இயற்றியவரின் குற்றமும் அல்ல. மனிதச் செயல்களின் இயல்பே அப்படி. பொதுவிதி தவறும் இடத்தில் அதைத் திருத்தும் நியாய உணர்வு தேவை என்பது அவர் முடிவு.

1781இல் வெளிவந்த ‘தூய அறிவின் விமர்சனம்’ நூலில் தத்துவவாதி காண்ட் இன்னும் ஓர் அடி முன்னே போகிறார். இந்த நிகழ்வுக்கு இந்த விதி பொருந்துமா என்று சொல்ல வேறொரு விதி வேண்டுமானால், அதைப் பொருத்தவும் மீண்டும் தீர்மானம் வேண்டும். எனவே தீர்மானிக்கும் திறனைப் பாடமாகக் கற்பிக்க முடியாது, பழக்கத்தால் கூர்மைப்படுத்தவே முடியும் என்கிறார். கையேட்டை மனப்பாடம் செய்தவர்கூட, எதிரே இருக்கும் இறக்கம் கையேடு சொல்லும் ‘சரிவு’தானா என்பதைத் தம் கண்ணால்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரிவையும் சுமையையும் சென்சாரால் அளந்து இயந்திரமே அமைப்பைத் தேர்ந்துகொண்டால் இந்தச் சிக்கல் தீராதா? தீராது; இடம் மாறும். எத்தனை பாகை சாய்ந்தால் சரிவு, எதை அளப்பது, எதை விடுவது என்று வடிவமைப்பாளர் முன்பே முடிவு செய்திருப்பார். அவர் அளக்காமல் விட்டது வயலில் எதிர்ப்பட்டால், அதைக் கவனிக்க ஓட்டுநரைத் தவிர வேறு ஆள் இல்லை.

முடிவு முன்னே நகரும்போது பொறுப்பும் கூடவே நகர்கிறது. எறிந்த கல்லைத் திரும்பப் பெற முடியாது, ஆனாலும் எறிவது எறிந்தவன் கையில்தான் இருந்தது என்று அரிஸ்டாட்டில் நிக்கோமாகியன் அறவியலின் 3ஆம் நூலில் வாதிடுகிறார். லோடர் வேலைக்கான அமைப்பை மாற்றாமல் சரிவில் இறங்கியவருக்கு, வண்டி கைமீறும் நொடியில் செய்வதற்கு அதிகம் இருக்காது. அவருடைய பொறுப்பு, இறங்குவதற்கு முன் அமைப்பைப் பார்க்காமல் விட்டதில் இருக்கிறது. எந்த அமைப்பு நடப்பில் இருக்கிறது என்பது ஓட்டுநருக்குத் தெளிவாகத் தெரியும்படியும், வேண்டும்போது அவர் அதை மீறும்படியும் செய்து கொடுப்பது வடிவமைப்பாளரின் பொறுப்பு. தானியங்கி முறை தீர்மானத்தை ஒழிப்பதில்லை. அதை இருவருக்கிடையே பங்கிட்டு, செயலுக்கு முந்தைய நேரத்துக்குத் தள்ளுகிறது.