பழுது பார்ப்பதன் தர்மம்

பழுதான ஒன்றைச் சரிசெய்வது நல்ல காரியம் என்று யோசிக்காமலே ஒப்புக்கொண்டுவிடுகிறோம். இடித்துத் தள்ளுகிறவனைவிட ஒட்டுப்போடுகிறவன் பொறுமைசாலி, மிச்சத்தின்மேல் மதிப்பு உள்ளவன் என்று ஓர் எண்ணம். இந்த எண்ணத்தைக் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பழுது பார்ப்பதில் தர்மமும் உண்டு, ஏய்ப்பும் உண்டு. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பிரித்துப் பார்க்க ஸ்தூலமான உதாரணம் ஒன்று தேவை. நான் எடுத்துக்கொள்வது பல். நம் கவிதையில் பல் பெரும்பாலும் முத்தாகவும் முல்லையாகவும்தான் வந்திருக்கிறது. சொத்தையைப் பற்றிக் கவிகளுக்கு அதிகம் சொல்ல இருந்ததில்லை. தவிரவும் நான் வசிக்கும் பிரதேசத்தில், விருதுநகருக்கும் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட இந்தக் கரிசல் பூமியில் நடக்கும் தொழிலின் சரித்திரத்தில், பல்லுக்கும் நெருப்புக்கும் ஒரு பழைய சம்பந்தம் இருக்கிறது.

முதலில் பல். கடைவாய்ப்பல்லின் மேற்பரப்பு சமதளம் இல்லை. நான்கைந்து முகடுகளும் நடுவே பள்ளமும் கொண்டது. பள்ளத்தில் மட்டும் சொத்தை விழுந்தால் சுரண்டி அடைத்துவிடலாம். முகடு உடைந்துபோனால், அல்லது முகட்டின் அடியைச் சொத்தை தின்றுவிட்டால், அடைப்பு போதாது. மெல்லுகிற அழுத்தத்தில் அடைப்பே ஆப்பாக மாறி மிச்சப் பல்லைப் பிளந்துவிடக்கூடும். அந்த நிலையில் மூன்று வழிகள் இருக்கின்றன. பிடுங்கிவிடலாம். அல்லது பல்லைச் சுற்றிலும் இழைத்துச் சிறு கட்டையாக்கி அதன்மேல் முழுத் தொப்பி மாட்டலாம். இதற்குப் பல சமயம் முன்கூட்டியே நரம்பை எடுத்துவிடுவார்கள். மூன்றாவது வழிக்கு ஆன்லே என்று பெயர். சொத்தையை நீக்கி, நிற்கமாட்டாத முகடுகளை மட்டும் தாழ்த்தி, அச்செடுத்து, இழந்துபோன பகுதியை வாய்க்கு வெளியே பீங்கானிலோ தங்கத்திலோ பிசினிலோ வடித்துக் கொண்டுவந்து ஒட்டுவது. நல்ல முகடுகள் அப்படியே நிற்கும். நரம்பு உயிரோடு இருக்கும். என் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றுக்கு இதைத்தான் செய்தார்கள். அச்செடுத்த நாளுக்கும் ஒட்டிய நாளுக்கும் நடுவில் பத்து நாள் ஒரு தற்காலிக மூடியோடு திரிந்தேன். இந்தக் கட்டுரை அந்தப் பத்து நாளில் யோசித்தது.

பல் வைத்தியத்தின் சரித்திரத்தில் ஒரு விசித்திரமான கோட்பாடு உண்டு. ஜி. வி. பிளாக் என்ற அமெரிக்கர் நவீனப் பல் மருத்துவத்தின் பிதா என்று சொல்லப்படுகிறவர். அவருடைய பெரிய பாடநூல் 1908இல் வந்தது. சொத்தை உள்ள இடத்தோடு நில்லாதே, நாளை சொத்தை வரக்கூடிய இடத்தையும் சேர்த்து வெட்டிவிடு என்பது அவர் போதனை. தடுப்புக்காக விரித்தல் என்று அதற்குப் பெயர். அதாவது பழுதின் பெயரால் நல்லதையும் எடுத்துவிடுவது. அரை நூற்றாண்டுக்கு மேல் இது நல்ல வைத்தியத்தின் இலக்கணமாக இருந்தது. பிளாக்கைக் குறைசொல்லிப் பிரயோசனமில்லை. அவர் கையில் இருந்த வெள்ளி பாதரசக் கலவை பல்லோடு ஒட்டாது. அது விழாமல் நிற்க வேண்டுமானால் அதற்குத் தக்க குழியைப் பல்லில் வெட்டித்தான் ஆக வேண்டும். 1955இல் மைக்கேல் புவனகோர் என்பவர் எனாமலின்மேல் பாஸ்பாரிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார். வழவழப்பான பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பாயிற்று; பிசின் அதைப் பிடித்துக்கொண்டது. தேய்ந்த அம்மியைக் கொத்துகிறவர் செய்வதும் ஏறக்குறைய இதேதான். கல்லை மாற்றுவதில்லை. கல் மறுபடியும் பிடிக்கும்படியாக அதன் முகத்தைப் புண்படுத்துகிறார், அவ்வளவே. ஒட்டும் வித்தை வளர வளர, பல்லை வெட்ட வேண்டிய நிர்ப்பந்தம் குறைந்துகொண்டே வந்தது.

இதிலிருந்து ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். நல்லதில் கொஞ்சம் பலியானால்தான் மீதி நிற்கும் என்று ஒரு காலம் முழு மனதோடு நம்புகிறது. பிற்பாடு பார்த்தால், பலிக்குக் காரணம் பல்லின் சுபாவம் இல்லை, ஒட்டத் தெரியாததுதான் என்று ஆகிறது. தவிர்க்க முடியாத தியாகம் என்று யாராவது சொல்லும்போது, அவர் கையில் இருக்கும் பசை என்ன என்று கேட்டுவிடுவது நல்லது.

புவனகோரின் அமிலத்தில் இருப்பது பாஸ்பரஸ். பல்லே பெரும்பகுதி கால்சியமும் பாஸ்பேட்டும்தான். இதே பாஸ்பரஸ் வேறு ரூபத்தில் மனிதர்களின் தாடையைத் தின்றிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எங்கே உரசினாலும் பற்றிக்கொள்ளும் தீக்குச்சியின் முனையில் வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது. அதன் ஆவியில் வேலை செய்தவர்களுக்கு முதலில் பல்வலி வரும். பிறகு ஈறு வீங்கும், தாடை எலும்பு அழுகும், சீழ் கன்னத்தைத் துளைத்து வெளியே வரும். 1840களிலேயே வியன்னாவில் மருத்துவர்கள் இதைப் பதிவு செய்துவிட்டார்கள். லண்டனில் 1888இல் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் அபராதங்களுக்கும் வேலைநீக்கத்துக்கும் எதிராக வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய நிலைமையை எழுதி வெளிக்கொணர்ந்தவர் பிற்காலத்தில் அடையாறில் வந்து வாழ்ந்த அன்னி பெசன்ட். வேலைநிறுத்தத்தின் முடிவில் அந்தப் பெண்கள் பெற்றவற்றுள் ஒன்று, பாஸ்பரஸ் படாத தனி இடத்தில் உட்கார்ந்து சாப்பிடும் வசதி.

இதற்கு அன்று நடந்த பரிகாரத்தைக் கவனிக்க வேண்டும். சொத்தைப் பல்லின் வழியாகத்தான் விஷம் எலும்புக்குப் போகிறது என்று நம்பினார்கள். ஆகவே பல் பரிசோதனை தொழிற்சாலை விதியாயிற்று. பழுதான பல் உள்ளவர்களைப் பாஸ்பரஸ் அருகே விடாமல் நிறுத்துவதும், பல்லைப் பிடுங்கச் செய்வதும் வழக்கமாயின. பார்க்கப்போனால் இது அக்கறை. முதலாளி செலவில் பல் வைத்தியர். ஆனால் சிவப்புப் பாஸ்பரஸை வைத்து, பெட்டியின் பக்கத்தில் மட்டும் உரசிக் கொளுத்தும் குச்சியை ஸ்வீடனில் 1850களிலேயே செய்துவிட்டார்கள். விஷத்தை எடுத்துவிட வழி இருந்தது. விஷத்தை வைத்துக்கொண்டு பல்லை எடுத்தார்கள்.

நான் சொல்ல வந்த பிரிவு இங்கேதான் இருக்கிறது. அழுகலை எடுத்து உயிருள்ளதை வைப்பது ஒரு வகைப் பழுதுபார்ப்பு. உயிருள்ளதை எடுத்து அழுகலை வைப்பது இன்னொரு வகை. இரண்டிலும் கைத்திறன் உண்டு, கருணையின் பாஷையும் உண்டு. எது எடுக்கப்பட்டது என்று பார்த்தாலொழிய வித்தியாசம் தெரியாது.

வெள்ளைப் பாஸ்பரஸை விலக்க 1906இல் பெர்ன் நகரில் ஒரு சர்வதேச உடன்படிக்கை ஏற்பட்டது. இந்தியாவில் 1913இல் தடைச் சட்டம் வந்தது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் போனது 1922இல். திரும்பி வந்து தொழில் ஆரம்பித்தது 1923இல். ஆக, எங்கள் பக்கத்துத் தீப்பெட்டி சட்டப்படி அந்த விஷம் நீங்கிய பிறகு பிறந்தது. பல்லும் பிழைத்தது, குச்சியும் பிழைத்தது. அவர்கள் போவதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1920இல், அதே கல்கத்தாவில்தான் ஆர். அகமது இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியிருந்தார். நெருப்பு உடனே ஊர் வந்து சேர்ந்தது. பல்லைக் காப்பாற்றும் வித்தை வரப் பல காலமாயிற்று.

தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு. இங்கே மருந்து என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மருந்து, குழாயில் அடைப்பதும் மருந்து. ஒன்று வெடித்தால் மற்றொன்றைத் தேடி ஓட வேண்டும். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் செத்துப்போனார்கள். அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றைக் கணக்கிட்டால் வருஷங்களின் பட்டியலாகவே நீளும். ஒவ்வொரு முறையும் பத்திரிகைச் செய்தியில் தவறாமல் வரும் ஒரு சொல் உராய்வு. மருந்துக் கலவையின்போது உராய்வு ஏற்பட்டது. உராய்வுக்கு எழுவாய் கிடையாது. யாரும் உராய்வதில்லை, அது தானாக ஏற்படுகிறது. நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், உரிமம் யார் பேரில், அறையை உள்குத்தகைக்கு எடுத்து நடத்தியது யார், தீபாவளிக்கு முன் எண்ணிக்கையைக் கூட்டச் சொன்னது யார் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

ஆன்லேயை ஒட்டி முடித்ததும் வைத்தியர் ஒரு காரியம் செய்வார். கார்பன் தாள் போன்ற ஒரு மெல்லிய தாளை இடையில் வைத்துக் கடிக்கச் சொல்வார். மேல்பல் எங்கே அதிகமாக இடிக்கிறதோ அங்கே கறை விழும். அந்த இடத்தைத் தேய்த்துச் சரிசெய்வார். இதைச் செய்யாவிட்டால் எவ்வளவு உயர்ந்த பீங்கானும் நாளடைவில் விரிந்துபோகும். ஏனென்றால் பல்லை முதலில் உடைத்த விசை இன்னும் வாயில்தான் இருக்கிறது. அடிபட்ட பல்லை மட்டும் பார்க்கிற பழுதுபார்ப்பு பாதிப் பழுதுபார்ப்பு. சிவகாசியில் கட்டிடத்தைத் திரும்பக் கட்டுகிறோம், காயத்துக்குச் சிகிச்சை செய்கிறோம், ஒருவரைக் கைது செய்கிறோம். மேல்பல்லின் கறையைப் பார்ப்பது குறைவு. மேல்பல் என்று நான் சொல்வதில் வருஷத்தில் ஒரு ராத்திரி மலிவான வெளிச்சம் கேட்கும் ஊர்களும் அடக்கம். அதில் நாமும் உண்டு.

பிடுங்கிவிடலாமே என்ற குரலும் இருக்கிறது. பட்டாசே வேண்டாம், தொழிலை மூடு. இது நேர்மையான குரல்தான், ஆனால் பல்லைப் பிடுங்கிய இடம் சும்மா இருப்பதில்லை. பக்கத்துப் பற்கள் அந்தக் குழியை நோக்கிச் சாயும். எதிர்ப்பல் மெல்ல இறங்கும். சில வருஷத்தில் கடியே மாறிவிடும். மழை பொய்க்கும் இந்தக் காட்டில் லட்சக்கணக்கானவர்கள் சரம் பின்னியும் கட்டை அடுக்கியும் சாப்பிடுகிறார்கள். அவர்களைப் பிடுங்கிய குழியில் எது சாயும் என்று சொல்லிவிட்டுத்தான் பிடுங்க வேண்டும். குழந்தைத் தொழிலாளர் விஷயத்தில் எம். சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதில் இந்த விவேகம் இருந்தது. குழந்தையை வேலையிலிருந்து எடு என்பதோடு அது நிற்கவில்லை. ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி நிதியில் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலைக்கு வழிசெய்ய வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் தன் பங்காகச் செலுத்த வேண்டும். எடுத்த இடத்தில் என்ன வைப்பது என்ற கேள்வியும் தீர்ப்பிலேயே இருந்தது. 2018 அக்டோபர் தீர்ப்பும் முழுத் தடையை ஏற்கவில்லை; பேரியம் உப்புகளை விலக்கி, மாசு குறைந்த பட்டாசை அனுமதித்தது. ஆனால் அது முக்கியமாகக் காப்பாற்ற எடுத்துக்கொண்டது கொளுத்துகிற ஊரின் சுவாசத்தை. கலக்கிறவனின் கையும் கண்ணும் வேறு கணக்கு.

நரம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆன்லே போட்ட பல்லில் கொஞ்ச நாள் கூச்சம் இருக்கும். ஐஸ் தண்ணீர் பட்டால் சுரீர் என்னும். நரம்பெடுத்துத் தொப்பி போட்ட பல்லுக்கு இந்தத் தொந்தரவு இல்லை. அது சூடும் குளிர்ச்சியும் அறியாமல் தன்பாட்டுக்கு மென்றுகொண்டிருக்கும். அடியில் மறுபடி சொத்தை விழுந்தாலும் அதற்குத் தெரியாது. வலிக்காதது அதன் சௌகரியம், அதன் ஆபத்தும் அதுவே. வெடிவிபத்துக்குப் பிறகு அறிவிக்கப்படும் நிவாரணத்தொகை செத்தவரின் குடும்பத்துக்கு உரியது. அதை ஒரு ரூபாய் குறைக்கவும் யாருக்கும் பாத்தியதை இல்லை. ஆனால் அதே தொகை குடும்பத்துக்கு வெளியே இருக்கிற நமக்கு வேறொரு வேலை செய்கிறது. தொகை அறிவிக்கப்பட்ட மறுநாள் நமக்கு வலிப்பதில்லை. நரம்பு எடுக்கப்பட்டுவிடுகிறது.

இதற்கெல்லாம் ஒரு ஆட்சேபணை உண்டு, அதை நான் மறைக்கப்போவதில்லை. மிச்சத்தைக் காப்பாற்றுவது காசுள்ளவனின் தர்மம். ஆன்லேக்கு இரண்டு முறை போக வேண்டும். எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பெண்ணுக்கு அது இரண்டு நாள் கூலி நஷ்டம், செலவு தனி. பிடுங்குவது ஒரே நாளில் முடிந்துவிடும். அவள் பிடுங்கிக்கொள்வதைத் தேர்ந்தெடுக்கிறாள் என்று சொல்வது சரியான தமிழ் இல்லை. அவளுக்கு அந்த ஒரு வாசல்தான் திறந்திருக்கிறது. தனிமனிதனின் நற்குணமாகப் பேசுகிறவரை, பழுது பார்க்கும் தர்மம் இவ்வளவு தூரந்தான் வரும். என் பல்லில் ஒட்டிய பீங்கான் என் விவேகத்தால் வந்ததில்லை, இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் இருக்க எனக்கு முடிந்ததால் வந்தது. மிச்சத்தைக் காப்பாற்றும் அவகாசத்தை எல்லோருக்கும் உண்டாக்குவதும் பழுது பார்ப்பதில் சேரும். அதை விட்டுவிட்டுப் பேசினால் இது பல் வைத்திய விளம்பரமாகத்தான் முடியும்.

எழுதுகிறவர்களுக்கு இவை புதிதாக இருக்காது. ஒரு கவிதையைத் திருத்தும்போது உயிருள்ள வரியை எடுத்துவிட்டு, அதைச் சுற்றியிருந்த சௌகரியமான வரிகளை வைத்துக்கொண்டு, கச்சிதமாக வந்திருக்கிறது என்று திருப்திப்படுவது நம்மிடையே நடப்பதுதான். கவிதையில் அதற்கு யாரும் சாவதில்லை. மருந்து அறையில் அப்படி இல்லை. அங்கே பழுது பார்த்தாயிற்று என்று யார் அறிவித்தாலும், எதை எடுத்தீர்கள், எதை விட்டுவைத்தீர்கள், இன்னும் எங்கே இடிக்கிறது என்ற மூன்றையும் கேட்டு, பதில் வருகிறவரை கேட்டுக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.