அளக்காம விட்டுடேன்

தெரிந்துகொள்ளாமல் இருக்க நமக்கு உரிமை உண்டா? இங்கிலாந்தில் வேலை செய்தபோது, யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்த ஏர் ரைஃபிள் ஒன்றைத் தள்ளுபடியில் வாங்கினேன். (மலேசியாவில் இதற்கும் லைசென்ஸ் வேண்டும்.) ஏன் திரும்பி வந்தது என்று கடைக்காரர் சொல்லவில்லை. அங்கே லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்க எல்லை 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16.3 ஜூல். 0.54 கிராம் குண்டு வினாடிக்கு 245 மீட்டரைத் தாண்டினால் சட்டப்படி அது வேறு ஆயுதம்.

வேகத்தை அளக்கப் போனபோது, "அளக்காம விட்டுடேன், தெரிஞ்சாதானே தலைவலி" என்றான் ஈப்போ நண்பன். சட்டத்தில் அந்தச் சாக்கு செல்லாது. எனக்கு உறுத்தியது வேறு. 238தான் வந்தது. 255 வந்திருந்தால்? "பிடிக்கல" என்று மட்டும் சொல்லிப் பணத்தைத் திரும்ப வாங்கியிருக்கலாம். அடுத்து தள்ளுபடியில் வாங்குகிறவர், தெரியாமலே குற்றவாளி. அந்த எண்ணைச் சொல்லாமல் விடுவதும் என் கணக்கில் பொய்தான். நண்பன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.