பிறவாதவர் பாதம்

தென்காசியைத் தலைநகரென்று நினைத்து யாரும் வருவதில்லை. குற்றாலத்துச் சாரலுக்குப் போகிற வழியில் ஓர் ஊர். பிற்காலப் பாண்டியர் இருந்து ஆண்ட இடமென்பது, கோபுர வாசல் காற்றில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் எனக்கு உறைக்கிறது.

1446இல் கோயிலைத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இது பழுதுற்றால் செப்பனிடுகிறவர் யாராயினும் அவரைப் பணிவதாகக் கல்லில் எழுதிவைத்தான். பணிவு என்று மெச்சுகிறார்கள். எனக்கு அவ்வளவு எளிதாகப் படவில்லை. பழைய தான சாசனங்களில், அறத்தைக் காப்பவன் பாதம் என் தலைமேல் என்று வரும். அழிப்பவனுக்குக் காராம்பசுவைக் கொன்ற பாவமும் வரும். சாபம் பயமுறுத்தும், சரி, அதை உதறிவிடலாம். கும்பிடை என்ன செய்வது? பிறவாதவன் காலில் விழுந்தால் அவனால் காலை இழுத்துக்கொள்ளக்கூட முடியாது. அவனைக் கேளாமல் அவன் பேரில் எழுதிய கடன்.

கோபுரம் பிளந்து மொட்டையாய் வெகுகாலம் நின்றது. ஒன்பது நிலைகளோடு எழுந்து 1990இல் குடமுழுக்குக் கண்டது. இது பழசல்லவே என்று முகஞ்சுளிக்கும் ரசிகர்கள் உண்டு. 1944இல் தகர்க்கப்பட்ட வார்சாவின் பழைய நகரை, பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியங்களையும் பார்த்துத் திரும்பக் கட்டினார்கள். 1980இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. இங்கோ ஊர்ப்பெயரே நகல், தெற்கே ஒரு காசி. பாண்டியன் கேட்டது கோயில் நிற்கவேண்டும் என்பது. அதே கல் நிற்கவேண்டும் என்பதல்ல.

இடையில் மொட்டைக் கோபுரத்தடியிலேயே பிறந்து, கல்யாணம் முடித்து, செத்துப்போன தலைமுறைகளுக்கு அந்தக் கும்பிடில் பங்கில்லை. அவர்களைக் கடனாளிகள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.