வாஞ்சிநாதனும் தண்டிக்கும் உரிமையும்

அரசு அறம் தவறினால் அதன் அதிகாரியைக் கொல்லும் உரிமை தனிமனிதனுக்கு உண்டா என்னும் வினாவுக்குத் தமிழகத்தில் மிகக் கூர்மையான வடிவம் கொடுத்தது, 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் நிகழ்ந்த கொலையாகும். செங்கோட்டையில் பிறந்து திருவிதாங்கூர் வனத்துறையில் பணியாற்றிய இளைஞர் வாஞ்சிநாதன், ரயில்பெட்டியில் மனைவியுடன் அமர்ந்திருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்றபின், நிலையத்துக் கழிப்பறைக்குள் புகுந்து தம்மையும் சுட்டுக்கொண்டார். அவரது சட்டைப்பையிலிருந்த கடிதம், ஆங்கிலேயர் சனாதன தருமத்தை, அதாவது தொன்றுதொட்டு வருவதாகக் கருதப்படும் அறநெறியை, அழிப்பதாகக் குற்றஞ்சாட்டி, அர்ச்சுனனையும் சிவாஜியையும் முன்னோடிகளாகக் காட்டியது.

அர்ச்சுனனின் போர், சுதருமம் எனப்படும் தத்தம் நிலைக்குரிய கடமையின்படி, இரு படைகள் எதிரெதிரே நின்ற களத்தில் நடந்தது. மணியாச்சியில் களமும் இல்லை, எதிர்ப்படையும் இல்லை. திருக்குறளோ, கொடியோரைக் களையெடுப்பதுபோல் நீக்கும் உரிமையைப் பொருட்பாலின் செங்கோன்மை அதிகாரத்தில் வேந்தனுக்கும், தன்னுயிர் போகுமாயினும் பிறிதோர் உயிரைப் பறிக்கலாகாது என்னும் நெறியைத் துறவறவியலில் துறவிக்கும் வைக்கிறது. வாஞ்சிநாதன் வேந்தரும் அல்லர், துறவியும் அல்லர். மணம்புரிந்து இல்லறத்தில் நின்றவர். வேந்தன் கொடுங்கோலனானால் அவனது தண்டிக்கும் கடமை குடிமகனுக்கு வந்துசேரும் என்று கொண்டாலொழிய அவர் செயலுக்கு நியாயம் கிட்டாது. அப்படிக் கொண்டாலும், அதே செங்கோன்மை அதிகாரம் நடுநின்று ஆராய்ந்து முறைசெய்வதையே முதலில் வற்புறுத்துகிறது.

ஆராயும் மன்றமே ஆள்வோர் கையிலிருந்ததே என்பது இதற்கு வலுவான மறுப்பு; 1908இல் வ.உ.சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்ததும் அத்தகைய மன்றந்தான். ஆயினும் ஓர் ஆட்சியின் குற்றம் முழுவதையும் ஓர் அதிகாரியின் தலையில் ஏற்றுவது எளிதன்று. அதே காலத்தில் பெங்களூர் கண்டோன்மென்டில் எழுந்த பிரேசர் டவுன், மைசூர் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரைத் தாங்கியது. 1898ஆம் ஆண்டின் பிளேக்கிற்குப் பின் நெரிசலைக் குறைக்க அக்குடியிருப்பை அமைத்ததும், தூத்துக்குடியில் சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் கம்பெனியை முடக்கியதும் ஒரே ஆட்சிதான்.

மேலும், மாட்டிறைச்சி உண்பதையே ஆங்கிலேய மன்னனின் இழிவாகச் சொன்ன அக்கடிதத்தின் தருமம், அதே உணவை உண்ட இந்நாட்டு மக்கள் பலரையும் வெளியே நிறுத்தியது. தன்னுயிரை ஈந்தது வாஞ்சிநாதனின் நேர்மைக்குச் சான்று. ஆனால் நேர்மை தீர்ப்பின் நியாயத்துக்குச் சான்றாகாது. அந்நிய ஆட்சியை எதிர்க்கும் உரிமை எல்லோருக்கும் உரியது. உயிர்பறிக்கும் உரிமையோ, எல்லோருக்கும் பொதுவான ஓர் அறத்தின்முன் நிறுவப்படும்வரை எவருக்கும் உரியதன்று.