படிகமும் பள்ளிச் சிறாரும்



ஆன்மாச் சார்ந்ததன் வண்ணமாய் நிற்குமென்பது சைவசித்தாந்தத் துணிபு. செம்பூவைச் சார்ந்த படிகஞ் செந்நிறங் காட்டுமாறுபோலச் சிறார் தம் ஆசிரியர் தன்மையைப் பற்றி நிற்பர்.

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் 1848-இல் வண்ணார்பண்ணையிலும், 1864-இற் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலைகளை நிறுவி, பாலபாடங்களில் எழுத்தோடு ஒழுக்கத்தையும் ஊட்டியருளினார்கள். இற்றைநாளிலோ நீதிப்பாடம் பெரும்பாலும் தேர்வின்பொருட்டு நெட்டுருச் செய்யப்பட்டொழிகின்றது.

யாமும் அக்குற்றத்தின் நீங்கினேமல்லேம். பொறையுடைமை கற்பித்த அன்றே, ஒரு சீர் மறந்த சிறுவனை வெகுண்டு அடித்தேம். மறுநாள் அவன் தன் தம்பியை அவ்வாறே அடித்தல் கண்டு நாணினேம். அவன் எம்பாற் கற்றது குறளன்று, எமது வெகுளியே.

ஆதலின், நன்குடிமக்களை ஆக்க விழையும் மடாலயத்தாரும் பள்ளி நடாத்துஞ் செல்வரும் ஆசிரியரைத் தெரியுங்கால், கல்வியோடு ஒழுக்கத்தையும் ஆராய்வாராக. கற்பிப்போர் முதலிற் றாம் நிற்பாராக. திருவருள் முன்னிற்க.