எவரும் தடுக்காத தடை

சட்டமன்றங்களில் முட்டுக்கட்டை இடுதல் அறமா அன்றா என்னும் வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூறல் இயலாது. 1881இல் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் பார்னெலைத் தலைவராகக் கொண்ட அயர்லாந்து உறுப்பினர், தம் நாட்டின்மீது ஏவப்பட்ட அடக்குமுறைச் சட்டமொன்றை எதிர்த்து 41 மணி நேரம் சபையை நகரவிடாது நிறுத்தினர். எண்ணிக்கையிற் சிறியோராகிய அவர்க்கு நாவும் நேரமுமே படைக்கலங்கள். 1957இல் அமெரிக்க மேலவையில் தர்மண்ட் என்பார் 24 மணி நேரத்துக்கு மேலாகத் தனித்து நின்று பேசினார். அவர் தடுக்க முயன்றதோ கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கவந்த சட்டத்தை. கருவி ஒன்றே, ஆதலின் கருவியை நோக்கி அறம் உரைத்தல் பேதைமை. தாமதத்தின் விலையை எவர் கொடுக்கின்றனர் என்பதன்றோ நாம் கேட்கவேண்டியது?

இலங்கைப் பாராளுமன்றம் ஆரவாரமான தடைகளையும் கண்டதுண்டு. 2000 ஆகஸ்டில் புதிய அரசியலமைப்புச் சட்டமூலத்தின் பிரதிகளை எதிர்க்கட்சியினர் சபைக்குள்ளேயே தீயிட்டனர். சட்டமூலம் நிறைவேறாது போயிற்று. 2018 நவம்பர் 16இல் சபையில் மிளகாய்த்தூள் பறந்தது; பொலிசார் சூழ்ந்து காக்கச் சபாநாயகர் உள்ளே வர நேர்ந்தது. வெட்கத்துக்குரியவையே. எனினும் செய்தவர் யாரென்பதை நாடு கண்டது. நம்மை உறுத்துவது அதே ஆண்டில் ஓசையின்றி நிகழ்ந்த வேறொரு தடை.

கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பர் 30இல் முடிந்தது. அதற்குப் பத்து நாள் முன்னதாக, மாகாண சபைத் தேர்தற் சட்டம் பாராளுமன்றத்தில் திருத்தப்பட்டது. பெண் வேட்பாளர்க்கு இடம் உறுதிசெய்யவென வந்த சட்டமூலம் அது. குழுநிலையில் அதனுள் முற்றிலும் புதியதொரு தேர்தல் முறை புகுத்தப்பட்டது. பழைய விகிதாசார முறை நீங்கிற்று. புதிய கலப்பு முறைக்கோ தொகுதி எல்லைகள் வகுக்கப்படவேண்டும். வகுத்த அறிக்கையைப் பாராளுமன்றம் ஏற்கவும் வேண்டும். அறிக்கை 2018 ஆகஸ்ட் 24இல் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139 வாக்குகள். ஆதரவாக ஒன்றுமில்லை. அதனைச் சபையில் முன்வைத்த அமைச்சரும் எதிராகவே வாக்களித்தார்!

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பர். இங்கே ஊர் ஒன்றுபட்டது. அப்போதும் கொண்டாட்டம் கூத்தாடிக்கே.

எதிர்த்தோர் அனைவரையும் ஒரே தட்டில் நிறுத்தல் நீதியன்று. அவ்வெல்லைகளால் தம் பிரதிநிதித்துவம் குறுகிவிடும் என முஸ்லிம் மக்களும் மலையகத் தமிழரும் அஞ்சினர். சிறுபான்மையினரின் இத்தகைய அச்சத்தைப் பொய்யென்று தள்ள நம்மால் இயலாது. ஆனால் அவ்வச்சத்துக்கு மருந்து திருத்திய எல்லைகளே அன்றித் தேர்தலின்மை அன்று. அவ்வாண்டு பெப்ரவரியில் உள்ளூராட்சித் தேர்தலில் அடிபட்ட ஆளுங்கட்சியினர்க்கு மற்றொரு தேர்தலைச் சந்திக்கும் விருப்பம் இருந்திராது என்பதை உணர அரசியல் ஞானம் மிக வேண்டுவதில்லை. அறிக்கையை இரண்டு மாதத்துள் மீளாய்வு செய்யவேண்டிய குழு தன் கடனை முடிக்கவில்லை. பழைய முறையில் தேர்தல் நடத்தலாமா என ஜனாதிபதி 2019இல் கேட்டபோது, இயலாதென உயர் நீதிமன்றம் கருத்துரைத்தது. பழைய பாலத்தை இடித்தாயிற்று. புதிய பாலம் எழவில்லை. ஆற்றைக் கடக்கவேண்டியவன் கரையில் நிற்கின்றான்.

அவன் யார்? கண்டி வீதியோரத்துக் கப்பல்துறையில் இருந்து நோக்கினால் அவன் முகம் நன்கு தெரிகின்றது. ஊர்ப்புறத்து மாகாணப் பாடசாலையின் ஆசிரியர் இடமாற்றம், சிறு வைத்தியசாலையின் மருந்து, உள்வீதியின் கல்லும் தாரும் ஆகிய இவை மாகாண ஆட்சியின் கடமைகள். இவற்றைக் கேட்க மக்கள் தெரிந்தனுப்பிய சபை 2017க்குப் பின் இல்லாதொழிந்தது. ஜனாதிபதி நியமித்த ஆளுநர்களே ஆண்டனர். அவருள் நல்லவரும் இருந்திருக்கலாம். சபை இருந்த காலத்திலும் பாலும் தேனும் ஓடவில்லை, ஆளுநர் ஆட்சியே மேல் என வாதிடுவோரை நாம் ஆசிரியர் அறையிலேயே கேட்டிருக்கின்றோம். தீய உறுப்பினனை ஐந்தாண்டில் வீட்டுக்கு அனுப்பலாம். நல்ல ஆளுநரையுங்கூட நாம் வைத்திருக்கவும் முடியாது, அனுப்பவும் முடியாது. தடுத்தவர்கள் அதிகாரத்தை அந்தரத்தில் நிறுத்திவிடவில்லை. வாக்காளனிடமிருந்து எடுத்துக் கொழும்பின் கையில் கொடுத்தனர். செயலின்மையும் ஒரு செயலே என நாம் சொல்வது இதனாலேதான்.

கிழக்கு மாகாண சபைக்கு மக்கள் 2012 செப்டெம்பர் 8இல் வாக்களித்தனர். அன்று ஆறாந்தரத்தில் அமர்ந்திருந்த பிள்ளைக்கு 2024இல் இருபத்துமூன்று வயது. அவ்வாண்டு ஜனாதிபதியைத் தெரிந்தாள்; பாராளுமன்றத்தையும் தெரிந்தாள். தன் பாடசாலையை ஆளும் சபைக்கு ஒருமுறையேனும் அவள் புள்ளடி இட்டதில்லை. அவளுக்கு இதனை மறுத்தவர் யாரெனக் கேட்டால், 139 பேரும் ஒருவரையொருவர் சுட்டுவர்.

பழைய முறையிலேயே தேர்தலை நடத்த வழிசெய்யும் தனிநபர் சட்டமூலமொன்றைத் தமிழ் உறுப்பினரான சுமந்திரன் முன்வைத்தார். அது சட்டமாகாமலே 2024 செப்டெம்பரில் அப்பாராளுமன்றம் கலைந்தது.