மலைவழித் துணையும் மனிதன் கடனும்

நாயை உடன்கொண்டு மலையேறுதல் தோற்றத்தில் எளியதொரு பொழுதுபோக்காகும். ஒழுக்கவியல் ஆராயத்தக்க பொருள் அதில் யாதுளது என ஒருவர் வினவலாம். ஆனால், தன்னை முற்றாக நம்பும் ஓர் உயிரை, அவ்வுயிர் அறியாததும் தான் அறிந்ததுமான ஆபத்தினுள் மனிதன் அழைத்துச் செல்லும் செயல் அது. உடன்செல்லும் நாயின் நன்றியைப் பற்றிப் பேசியோர் பலர். அழைத்துச் செல்லும் மனிதன் நாய்க்குக் கடப்பாடுடையவனா என்னும் வினாவோ அரிதாகவே எழுப்பப்படுகின்றது.

இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஏரிப் பிரதேசத்தில் ஹெல்வெலின் என்னும் மலை உளது. அதன் உயரம் 950 மீற்றர். 1805ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் சார்ள்ஸ் கொஃப் என்னும் ஓவியர் தம் நாயுடன் பற்றர்டேலிலிருந்து புறப்பட்டு, அம்மலையைக் கடந்து கிராஸ்மியரை அடைய முற்பட்டார். அவர் அங்கு போய்ச் சேரவில்லை. யூலை மாத இறுதியில், மலைத்தடாகம் ஒன்றின் அருகே நாய் குரைக்கும் ஒலி கேட்டுச் சென்ற இடையர் ஒருவர், எலும்புக்கூடாய்க் கிடந்த உடலையும், அதனருகே உயிரோடிருந்த நாயையும் கண்டார். மூன்று மாதங்கள் நாய் அவ்விடத்தைவிட்டு அகலவில்லை. அக்காலத்தில் அது ஈன்ற குட்டியும் பிழைக்கவில்லை.

இந்நிகழ்ச்சி அக்காலத்தவர் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. வேட்ஸ்வேத்தும் வோல்ற்றர் ஸ்கொற்றும் தனித்தனியே இதனைப் பாடினர்; 1829இல் லாண்ட்சியர் ஓவியமாக வரைந்தார்; 1890இல் மலையின்மேல் நினைவுக்கல்லும் நாட்டப்பட்டது. மறுபுறத்தில், உடல் கண்டெடுக்கப்பட்ட நாட்களிலேயே வேறொரு கதையும் பரவிற்று. நாய் தன் தலைவனின் உடலைத் தின்றே உயிர்வாழ்ந்தது எனக் கார்லைல் நகரப் பத்திரிகையொன்று எழுதியது. காகமும் பருந்தும் செய்ததை நாயின்மேல் சுமத்தலாகாது என்று வாதிட்டோரும் உளர்.

நுணுகி நோக்கின், இரு சாராரும் செய்த காரியம் ஒன்றே. இருவரும் நாயையே விசாரணைக் கூண்டில் நிறுத்தினர்; ஒருவர் அதனை விடுவித்தனர், மற்றவர் தண்டித்தனர். ஆயின் விசுவாசம் என்பது, அதனை மீறும் ஆற்றலும், மீறுதல் தவறென்னும் அறிவும் உடைய ஒருவரிடத்தே ஒழுக்கப் பண்பாக அமையும். பசித்த விலங்கு இறந்த உடலைத் தின்பது துரோகமன்று. அவ்வுடலின் அருகே தங்கியிருப்பது சத்தியம் காத்தலுமன்று. இவ்வாறு கூறுவதால் நாயின் பற்றுப் பொய்யென்று ஆகிவிடாது. மூன்று மாதம் பனியிலும் மழையிலும் அதனை அவ்விடத்தே நிறுத்திய பற்று மெய்யானதே. அதனைக் கடமையென்று பெயரிட்டு அளவிடுவதே பிழையாகும். அம்மலையில் கடமையுடையவராக இருந்திருக்கக்கூடியவர் ஒருவரே, அவர் மனிதர்.

நாயின் நன்றியைப் போற்றும் மரபு நமக்கும் புதியதன்று. நட்பாராய்தல் பற்றிக் கூறுமிடத்து நாலடியார், பழகிய பாகனையே கொல்லும் யானையையும், எறிந்த வேல் உடலில் தைத்திருக்கவும் வால் குழைக்கும் நாயையும் ஒப்பிட்டு, நாய் போன்றாரின் நட்பையே கொள்ளுமாறு அறிவுறுத்துகின்றது. ஈராயிரமாண்டுப் பழமை பேசும் நாம் இவ்வுவமையை நாயின் பெருமைக்குச் சான்றாகவே காட்டி வந்துள்ளோம். வேலை எறிந்தவன் யார் என்று கேட்பதில்லை. ஓர் உயிரின் பொறுமையை எவ்வளவுக்குப் புகழ்கின்றோமோ, அவ்வளவுக்கு அப்பொறுமையைத் தேவையாக்கிய நம் செயல் கண்ணுக்கு மறைந்துவிடுகின்றது.

மேலைத்தேய மெய்யியலாருள் இமானுவேல் கான்ற் இவ்வினாவை அணுகியுள்ளார். நெடுங்காலம் உழைத்த முதிய குதிரைக்கும் நாய்க்கும் நன்றி பாராட்டுதல் மனிதனின் கடமையே என்று அவர் 1797இல் எழுதினார். ஆயினும் அக்கடமை நேரடியாக விலங்குக்கு உரியதன்று. மனிதன் தனக்குத்தானே ஆற்றவேண்டியது என்பது அவர் கொள்கை. விலங்கிடம் கொடுமை செய்பவன் தன் இரக்கவுணர்வை மழுங்கச் செய்கின்றான் என்பதே அதன் அடிப்படை. இதற்கு முன்னரே, 1789இல் வெளிவந்த நூலில், விலங்கு சிந்திக்குமா பேசுமா என்பதன்று, துன்புறுமா என்பதே வினா என்று பெந்தம் காட்டியிருந்தார். கான்ற் கூறுவதில் உண்மை உண்டு. ஆனால் அது போதாது. செங்குத்தான பாறையில் காற்பட்டை கிழிந்து நிற்கும் நாயைத் தூக்கிச் சுமப்பவன், தன் குணத்தைப் பேணுவதற்காகச் சுமப்பதில்லை. நாய்க்கு வலிப்பதனாலேயே சுமக்கின்றான். காரணம் நாயிடத்தே உளது.

நாய் மகிழ்ச்சியுடன்தானே வருகின்றது, அதன் விருப்பத்தோடு நிகழ்வதில் பொறுப்பு எங்ஙனம் எழும் என்பது இயல்பான ஆட்சேபம். கழுத்துவாரைக் கையில் எடுத்த அளவிலேயே துள்ளும் நாயைக் கண்டோர் அதன் விருப்பத்தை மறுக்கமாட்டார். எனினும் அது எதற்குச் சம்மதிக்கின்றது என்பதைப் பகுத்தறிதல் வேண்டும். நாய் மனிதனுக்குச் சம்மதிக்கின்றது, மலைக்குச் சம்மதிக்கவில்லை. உச்சியில் மூடுபனி இறங்கும் என்பதையோ, நீரில்லாத வழி இன்னும் எத்தனை மைல் என்பதையோ, தன் வயது அந்த ஏற்றத்துக்கு ஒவ்வாதது என்பதையோ அது கணிக்காது. மனிதனைப்போல் உடல் முழுதும் வியர்த்து வெப்பம் தணிக்கவும் அதனால் இயலாது. பெரும்பாலும் இளைத்தே தணிக்கின்றது. தலைவன் நடக்கும்வரை தானும் நடந்து, இயலாதபோது விழும். ஆகவே, அதன் சம்மதம் மனிதனின் பொறுப்பைக் குறைப்பதில்லை. இருவருக்குமாக எண்ணவேண்டிய சுமையை அவன்மேலேயே ஏற்றுகின்றது.

இப்பொறுப்பு நாயோடு முடிவதுமன்று. மலைச்சரிவு ஆளற்ற வெளியாக நடப்போனுக்குத் தோன்றலாம். அங்கு சினையாடுகள் மேய்கின்றன, நிலத்திலே கூடுகட்டும் பறவைகள் அடைகாக்கின்றன. நாய்க்கு விளையாட்டாக இருக்கும் ஓட்டம் சினையாட்டுக்குக் கருச்சிதைவாக முடியக்கூடும். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2000ஆம் ஆண்டின் சட்டம், பொதுமக்கள் நடமாட உரிமைபெற்ற திறந்த நிலங்களில் மார்ச் 1 முதல் யூலை 31 வரையும், கால்நடைகளின் அருகே எக்காலத்தும், நாயை 2 மீற்றருக்கு மேற்படாத கயிற்றில் வைத்திருக்குமாறு விதிக்கின்றது. சட்டம் கட்டளையிடுவது நாய்க்கன்று என்பது அவதானிக்கத்தக்கது. கயிற்றின் ஒரு முனை நாயின் கழுத்திலும் மறுமுனை மனிதன் கையிலும் உள்ளது; கட்டுப்படுவோர் இருவருமே.

மலையும் நாயும் மனிதனும் சேர்ந்த கதைகளுள், வினாவைச் சரியான இடத்தில் எழுப்பியது மகாபாரதமே எனலாம். மகாபிரத்தானிக பருவத்தில் பாண்டவரும் திரௌபதியும் இமயம் நோக்கி நடக்க, நாயொன்று பின்தொடர்கின்றது. ஒவ்வொருவராய் விழ, தருமன் மட்டும் எஞ்சுகின்றான், நாயும் எஞ்சுகின்றது. தேருடன் வந்த இந்திரன், நாய்க்குச் சுவர்க்கத்தில் இடமில்லை, அதனை விட்டு வா என்கின்றான். தம்பியரையும் மனைவியையும் விட்டு வந்தவன் நாயை விடத் தயங்குவதேன் என்றும் கேட்கின்றான். அவர்கள் இறந்தபின்னரே நீங்கினேன். உயிரோடிருந்து என்னை அடைக்கலமாகக் கொண்டதைக் கைவிடேன் என்பது தருமனின் மறுமொழியின் சாரம். இங்கு சோதிக்கப்படுவது நாயின் நன்றியன்று, மனிதனின் நன்றி.

நாயாக வந்தது தருமதேவதை என்று பின்னர் வெளிப்படுவதனால், கதையின் கருத்து அவ்வெளிப்பாட்டில் உள்ளது எனச் சிலர் கொள்வர். அது பொருந்தாது. தருமன் முடிவெடுத்தபோது அவன்முன் நின்றது வெறும் நாயே. இறுதிவரை அது நாயாகவே இருந்திருப்பினும் அம்முடிவின் தகுதி ஓர் அணுவும் குறைந்திராது. தெய்வமென்று அறிந்து காப்பது எவர்க்கும் எளிது.

ஹெல்வெலினில் நிற்கும் கல், நாயொன்றின் அன்பை நினைவூட்டுகின்றது. அந்நினைவு தக்கதே. தனியே வழுக்கி விழுந்து மடிந்த ஒருவரை இன்று பழிப்பதும் முறையாகாது. எனினும் அக்கல்லைக் கடந்து தம் நாயுடன் நடப்போர், அது தம்மைவிட்டுப் போகுமா என்று எண்ண வேண்டியதில்லை, அது போகாது. களைத்து நிற்கும் நாயைக் கண்டபின், உச்சி இன்னும் அரை மைலே எனினும், தாம் திரும்பி இறங்குவரா என்பதே அவர்கள் தம்மை வினவிக்கொள்ள வேண்டியது.